ஊற்றின தண்ணீர் அல்ல, எடுத்த தண்ணீர்!

(‘அழுக்கைப் போக்குவது தண்ணீரா? பக்குவமா?’ என்ற தலைப்பில், ‘பக்குவமே’ என்ற அணியில் பேசியது)

    

நடுவர் அவர்களே, இந்த மேடையில் பேசுகிறவர்கள் பேராசிரியர்கள், வங்கி அதிகாரிகள், வழக்கறிஞர்கள். நான் கம்பளம் சுத்தம் பண்ணுகிறவன். கம்பளம், ஜமக்காளம், சோபா இதெல்லாம் அழுக்கானால் என்னைக் கூப்பிடுவார்கள். மேடை ஏறினதும் எல்லாரும் கூட்டத்தைப் பார்த்தார்கள். நான் கீழே விரித்திருக்கிற விரிப்பைப் பார்த்தேனுங்க. மூணு இடத்துல காப்பிக் கறை இருக்குது. (சிரிப்பு) அதுல பெருசு நடுவர் நாற்காலிக்குக் கீழேதானுங்க இருக்குது! (பலத்த சிரிப்பு)

எதிரணியில் பேசிய அம்மா சொன்னார்கள்: ‘தண்ணி இல்லாமல் எதைக் கழுவுவீர்கள்?’ ஞாயமான கேள்வி. வள்ளுவரையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். ‘உடம்புச் சுத்தம் தண்ணீரால் வரும், மனசுச் சுத்தம் வாய்மையால் வரும் என்று ஐயனே சொல்லியிருக்கிறார்’ என்றார்கள். ஐயன் சொன்னது உடம்புக்குங்க அம்மா, கம்பளத்துக்கு இல்லீங்க! (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் அந்தக் குறளில் இரண்டாவதாக ஒரு பாதி இருக்கிறதே, வாய்மை, அதற்குக் கடைசியில் வருகிறேன். அங்கேதான் என் கதையே இருக்குது.

என் தொழிலில் நான் படுகிற பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு வீட்டுக்குப் போகிறேன். மெஷினை இறக்கி வைக்கிறேன். ஒரு வாளி, இரண்டு வாளி தண்ணீர் கேட்கிறேன். வீட்டுக்கார அம்மணி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ‘ஏனுங்க தம்பி, ரெண்டு வாளியில அம்புட்டுப் பெரிய கம்பளத்தைக் கழுவிப் போடுவீங்களா? எங்க வீட்டுப் பாத்திரம் கழுவவே நாலு வாளி ஆகுதே!’ வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வருவார். ‘கொசு மருந்து அடிக்கற மாதிரி பீச்சிட்டு எண்ணூறு ரூவா கேக்கறியேப்பா? நல்லா நனைய ஊத்து! பைப்புல தண்ணி வருது, நானா காசு குடுக்கறேன்?’ (சிரிப்பு)

அதே மனுசன், அடுத்த தெருவுக்குத் தண்ணி லாரி வராத அன்னிக்குக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்னு சத்தம் போடுவாருங்க! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, தச்சரைக் கூப்பிட்டால் எத்தனை ஆணி அடித்தார் என்று யாரும் எண்ணுவதில்லை. கதவு சாத்துகிறதா என்று பார்க்கிறோம். கழுவுகிறவனை மட்டும் எத்தனை குடம் ஊற்றினான் என்று எண்ணுகிறோம். ஊற்றினால்தான் உழைத்தான் என்று நினைக்கிறோம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சுத்தம் என்பது ஊற்றின தண்ணியில் இல்லை. அழுக்கோடு வெளியே எடுத்த தண்ணியில்தான் இருக்கிறது!

ஊற்றுவதற்குக் குழாய் போதும். எடுப்பதற்குத்தான் பக்குவம் வேண்டும். (கைதட்டல்)

முதலில் அழுக்கு என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு கம்பளத்தில் சேருகிற அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் தூசியும்தான். அதன் மேல் எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? சேறு ஆகும்! தூசியாக இருந்தவரைக்கும் உதறினால் போயிருக்கும். சேறாகி நூலுக்குள்ளே இறங்கிவிட்டால் லேசில் விடாது. இது நம் கொங்கு நாட்டுத் தாய்மார்களுக்குத் தெரியாதா? விடியக்காலம் எழுந்து வாசலை முதலில் கூட்டுகிறீர்கள். அப்புறம்தானே சாணி தெளித்துக் கோலம் போடுகிறீர்கள்? தெளித்துவிட்டுக் கூட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாசலுக்குத் தெரிந்த ஞாயம் கம்பளத்துக்கு மறந்துபோகுதுங்க!

அடுத்தது நுரை. எதிரணி நண்பர் ‘நுரை பொங்கப் பொங்கக் கழுவ வேண்டும்’ என்றார். நுரை பார்க்க அழகாகத்தான் இருக்கும், கல்யாணப் புகைப்படம் மாதிரி. (சிரிப்பு) ஆனால் உள்ளே தங்கிப்போன சோப்பு பிசுபிசுப்பாக நிற்கும். நடக்கிறவர்கள் காலில் இருக்கிற தூசியை எல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாசத்தில் கம்பளம் பழையபடி கறுத்துவிடும். உடனே வீட்டுக்காரர், ‘போன தடவை சோப்புக் கம்மியாப் போட்டுட்டான்’ என்பார். போட்டது கம்மி இல்லீங்க, எடுத்தது கம்மி!

இன்னொரு பெரிய சந்தேகம். சுத்தம் பண்ணிவிட்டு வந்த மூன்றாம் நாள் போன் வரும். ‘அந்தக் காப்பிக் கறை திரும்பி வந்துடுச்சு, நீ ஏமாத்திட்டே!’ நான் ஏமாற்றவில்லை. விளக்குத் திரி எப்படி எண்ணெயை மேலே இழுக்கிறது? அதே மாதிரி கம்பளத்தின் ஒவ்வொரு நூலும் ஒரு திரி. அடிவரைக்கும் ஈரம் இறங்கிவிட்டால், அடியில் கிடக்கிற கறையைக் காயக் காய அந்த நூல் மேலே இழுத்துக்கொண்டு வரும். தண்ணீரை அதிகமாக ஊற்றினால் கறை போகாது. கீழே போய்ப் படுத்துத் தூங்கி எழுந்து, மறுபடி மேலே வரும்! (சிரிப்பு)

‘அப்படியானால் தண்ணியே வேண்டாம், ஸ்டீம் கிளீனிங் இருக்கிறதே’ என்பார்கள் சிலர். அந்தப் பெயரே பாதி தப்புங்க. ஸ்டீம் என்று ஊரெல்லாம் சொல்கிற கம்பள மெஷினில் பெரும்பாலும் ஆவி கிடையாது, சுடுதண்ணிதான். மருந்து கலந்த சுடுதண்ணியை வேகமாகப் பீச்சும். பீச்சின கையோடு பக்கத்திலேயே ஒரு வாய் அதை உறிஞ்சி எடுத்துவிடும். மெஷினுக்குள் இரண்டு தொட்டி. ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் அழுக்குத் தண்ணி. நிஜமான ஆவி வெளுப்பு வேண்டும் என்றால் நம் ஊர் வெள்ளாவியைச் சொல்லுங்கள். அதுதான் அசல் ஸ்டீம்!

‘டிரை கிளீனிங்’ என்கிறார்களே? அதுவும் நனையாத வேலை இல்லை. தண்ணீரால் நனைக்காமல் வேறு திரவத்தால் நனைப்பது, அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் ஜோலி என்று ஒரு சாயத் தொழில்காரர் இருந்தார். அவர் வீட்டு மேசைத் துணியில் விளக்கெண்ணெய் கொட்டி... விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கெண்ணெய் இல்லீங்க, விளக்கில் ஊற்றி எரிக்கிற எண்ணெய். (சிரிப்பு) அது கொட்டின இடம் மட்டும் பளிச்சென்று ஆனதாகவும், அதிலிருந்து இந்தத் தொழில் பிறந்ததாகவும் கதை சொல்வார்கள். பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய மருந்துக்குப் பெயர் பெர்குளோரோ எத்திலீன். உடம்புக்குக் கெடுதல் என்று, அமெரிக்காவில் 2024 டிசம்பரில், டிரை கிளீனிங்கில் அதைப் பத்து வருசத்துக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஆக, தண்ணி இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்பதும் தப்பு. தண்ணி ஊற்றினால் அழுக்கில்லை என்பதும் தப்பு.

எதிரணித் தலைவர் ஒரு நல்ல உதாரணம் கொடுத்தார். பாரசீகத்தில் ஓடுகிற ஊற்றிலேயே கம்பளத்தைப் போட்டுத் துவைத்தார்களே என்றார். உண்மை. தெஹ்ரானுக்குப் பக்கத்தில் ரேய் என்ற பழைய ஊர். அங்கே சஷ்மே அலி என்று ஒரு ஊற்று. அதில் கம்பளம் துவைப்பது வெகுகாலப் பழக்கம். ஆனால் ஐயா பாதிப் படத்தைத்தான் காட்டினார். மீதிப் பாதி என்ன? துவைத்த கம்பளத்தைக் கொதிக்கிற வெயிலில் பாறை மேல் விரித்துக் காயப்போட்டார்கள். அந்த வெயிலும் பாறையும் இருந்ததால்தான் அந்தத் தண்ணி செல்லுபடியாச்சுங்க. ஐப்பசி அடைமழையில், அபார்ட்மெண்ட் மூன்றாவது மாடியில், பால்கனிக் கம்பியில் அதைச் செய்ய முடியுமா? (கைதட்டல்)

சரி, பக்குவம் பக்குவம் என்கிறாயே, அது என்ன என்று நடுவர் கேட்பார். 1959-ல் ஜெர்மனியில், ஹென்கெல் கம்பெனியில் இருந்த ஹெர்பர்ட் ஸின்னர் என்பவர் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். கழுவுவதற்கு நாலு விசயம் வேண்டும். மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். இந்த நாலும் வேலை செய்ய வாகனமாக இருப்பதுதான் தண்ணீர். பஸ் வேணும்தானுங்க. ஆனா பஸ் மட்டும் இருந்தா ஊர் போய்ச் சேர முடியுமா? டிரைவர் வேண்டாமா? (சிரிப்பு, கைதட்டல்)

அந்த ஜெர்மன்காரருக்கு ரொம்ப காலத்துக்கு முன்னாலேயே நம் ஊர்ச் சலவைத் தொழிலாளிகள் இந்த நாலையும் கையில் வைத்திருந்தார்கள். உவர்மண், அது மருந்து. வெள்ளாவி, அது சூடு. துவைகல், அது தேய்ப்பு. ராத்திரி முழுக்க ஊறவைப்பது, அது நேரம். பெயர் வைக்கவில்லை, வட்டம் போடவில்லை. அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் பக்குவம் என்று பெயர்.

தண்ணியிலும் ஒரே தண்ணி கிடையாது. கோயமுத்தூர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லணுமா? சிறுவாணித் தண்ணியில் சோப்பைக் காட்டினாலே நுரைக்கும். அதே ஊரில் போர்வெல் உப்புத் தண்ணியில் சோப்பு திரிதிரியாகப் போகும், பால் திரிஞ்ச மாதிரி. அந்தத் திரிசல் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் உப்புத் தண்ணியைப் பத்துக் குடம் ஊற்றுகிறவனைவிட, நல்ல தண்ணி ஒரு குடத்தை அளந்து பீச்சுகிறவன் நன்றாகச் சுத்தம் பண்ணுவான்.

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் தொழிலைச் சொன்னேன். இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதுசு. மக்கள் தண்ணியைப் பார்த்தால்தான் காசு கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதனால் என்ன செய்தேன் தெரியுங்களா? வேலை எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்காரர் பார்க்கிற நேரமாகப் பார்த்து, தேவையே இல்லாமல் இரண்டு வாளி ஊற்றுவேன். காட்சிக்கு! அவர்களுக்கும் சந்தோசம், எனக்கும் கூலி. யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் ஒரு பாட்டி கூப்பிட்டார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டுச் சீராக வந்த பவானி ஜமக்காளம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பட்டை பட்டையாக வண்ணம் போட்ட முரட்டுப் பருத்தி. இன்னொன்று பார்டர் போட்டு, செயற்கைப் பட்டு நூலில் மெத்தென்று நெய்தது. பாட்டியுடையது இரண்டாவது ரகம். ‘கண்ணு, பேத்தி கல்யாணத்துக்கு இதை விரிக்கோணும். பளிச்சுனு பண்ணிக் குடு’ என்றார்கள்.

நான் உதறி, தூசி எடுத்து, ஈரத் துணியால் ஒற்ற ஆரம்பித்தேன். பாட்டிக்கு மனசு ஆறவில்லை. ‘என்ன கண்ணு, சாமிக்குத் தீர்த்தம் தெளிக்கற மாதிரி பண்றே? நல்லா முக்கி எடுத்து அடிச்சுப் போடு!’ என்றார்கள்.

எனக்குத் தெரியும் நடுவர் அவர்களே! பருத்தி நூல் ஈரத்தில் பலம் கூடும். செயற்கைப் பட்டு, அந்த ரேயான் நூல், ஈரத்தில் ஏறத்தாழப் பாதி பலத்தை இழந்துவிடும். அந்தச் சாயம் நிற்குமா என்று ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் தெரியும். தெரிந்தும், சொன்னால் கூலி போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு தொட்டியில் முக்கினேன். சிவப்புச் சாயம் இறங்கி மஞ்சள் பட்டையில் ஏறியது. பதறிப்போய்ப் பிழிந்தேன். ஓரம் கிழிந்தது.

பாட்டி திட்டவில்லை. கிழிந்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தார்கள். ‘இந்தா கண்ணு. நாஞ் சொல்லித்தானே நீ செஞ்சே. என்ற அம்மா நெனப்பா இது ஒண்ணுதான் இருந்துச்சு’ என்றார்கள்.

(அரங்கில் அமைதி)

அந்தப் பணத்தை நான் வாங்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வந்தேன். பாட்டி தெரியாமல் சொன்னார்கள். நான் தெரிந்தே செய்தேன். வாடிக்கையாளர் தப்பாக நினைப்பது அவர் குற்றம் இல்லை. தெரிந்தவன் எடுத்துச் சொல்லாமல், அந்தத் தப்பில் பிழைப்பு நடத்துவதுதான் குற்றம். அன்றைக்கு விட்டேனுங்க அந்தக் காட்சித் தண்ணியை! (நீண்ட கைதட்டல்)

அன்றிலிருந்து இன்னொன்றும் யோசித்தேன். காட்சிக்கு ஊற்றின அந்தத் தண்ணி எல்லாம் எங்கே போனது? நாம் அழுக்கைக் கழுவிவிட்டோம் என்கிறோம். அழுக்கு செத்துப்போகவில்லை நடுவர் அவர்களே, விலாசம் மாறிவிட்டது! நம் வீட்டுக் கம்பளத்திலிருந்து சாக்கடைக்கு, சாக்கடையிலிருந்து ஆற்றுக்கு.

நம் கண் முன்னாலேயே பார்த்தோமே! வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல். 1992-ல் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள், விவசாயத்துக்காக. வந்து நிறைந்தது திருப்பூர்ச் சாயத் தண்ணி. பயிருக்குத் திறக்க முடியாத அணையாகப் போயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் மறுபடி நடத்தலாம் என்று ஆனது. நான் கழுவுகிற தண்ணி அதற்கு முன்னால் ஒரு சொட்டு. ஆனால் பாடம் ஒன்றுதான். ஒரு வாளி கூடுதலாக ஊற்றினால் ஒரு வாளி அழுக்குத் தண்ணி கூடுதல்.

நடுவர் மணியில் கை வைக்கிறார், தெரிகிறது. முடித்துவிடுகிறேன். வந்திருக்கிற தாய்மார்களுக்கு நாலே நாலு வார்த்தை. கம்பளத்தில் காப்பி கொட்டினால் தண்ணியைக் கொட்டாதீர்கள். தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். எதைக் கழுவினாலும் முதலில் உதறுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். கழுவின பிறகு தரையோடு போடாமல், இரண்டு பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி காயவிடுங்கள். ஒருநாள் இரண்டுநாள் ஈரம் நின்றாலே பூஞ்சணம் வந்துவிடும்.

இனிமேல் என்னைப் போல ஒருத்தன் உங்கள் வீட்டுக்கு வந்தால், ‘எத்தனை குடம் ஊத்தினே’ என்று கேட்காதீர்கள். ‘எடுத்த தண்ணியைக் காட்டு’ என்று கேளுங்கள். தொட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்தக் கறுப்புத் தண்ணிதான் அவன் உழைப்புக்குச் சாட்சி. ‘எப்போ காயும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவனுக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.

எதிரணி அம்மா சொன்ன குறளுக்கு வருகிறேன். வெளிச் சுத்தத்துக்குத் தண்ணி, உள் சுத்தத்துக்கு வாய்மை என்றார் ஐயன். கழுவுகிறவனுக்கு இரண்டும் வேண்டும். எவ்வளவு தண்ணி போதும் என்று தெரிந்த கையும், அதை வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்கிற வாயும் வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பக்குவம். ஆகவே அழுக்கைப் போக்குவது பக்குவமே, பக்குவமே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தீர்ப்பு எப்படி வந்தாலும் சரிங்க, போகும்போது நடுவர் நாற்காலிக்குக் கீழே இருக்கிற காப்பிக் கறையை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஒரு சொம்புத் தண்ணி போதும்! (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)